முழங்கைக்கு மேலே ஒரு சேவல்

சின்னராசாவின் வலது முன்கையில் குத்தியிருந்த பச்சைச் சேவல், 1967 பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அங்கிருந்து கிளம்பி, தேத்தண்ணி நேரத்துக்குள் இடது தோளுக்குப் போய்ச் சேர்ந்தது. போன வழி பிடரிப் பக்கம். அந்த வாரம் பண்டாரவளைச் சந்தையில் முட்டைக்கோவா மலிந்து கிடந்தது, செத்தல் மிளகாய்க்குத்தான் விலை ஏறியிருந்தது. கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் மிளகாயைப் பற்றி இரண்டு வாரமும் சேவலைப் பற்றி ஒரு வாரமும் பேசினார்கள். நடந்ததை நடந்தபடி சொல்வதென்றால், பார்த்தவர்கள் யாரும் மயக்கம் போட்டு விழவில்லை. சின்னராசாவோடு நின்று மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டிக்கொண்டிருந்த ஒருவர், "ஏய், ஒஞ் சேவல் மேல ஏறுது பாரு," என்று சொல்லிவிட்டு மறுபடி மண்வெட்டியைப் போட்டார். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ரெங்கம்மா மட்டும் செய்தி கேட்டதும் கூடையை இறக்கி வைத்துவிட்டாள். சேவல் ஏன் நடக்கிறது என்று அந்தத் தோட்டத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

சின்னராசாதான் அப்போது கல்லுமலையில் பெரட்டுத் தப்பு அடிப்பவன். விடியுமுன் எழுந்து, லயங்கள் என்கிற வரிசை வீடுகளின் முன்னால் தப்படித்துக்கொண்டே நடந்து, ஆட்களை எழுப்பி, பேர் பதிந்து வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கு அனுப்ப வேண்டும். தோட்டமே அவனைத் திட்டிக்கொண்டுதான் கண் விழிக்கும். பள்ளத்தில் இருந்த பணிய லயத்தின் கடைசிக் காம்பராவுக்கு முன்னால் வரும்போது மட்டும் அவன் அடியில் ஒரு அடி கூடும். அது கணக்கில் இல்லாத அடி. அந்தக் காம்பராவில் இருந்தவள் ரெங்கம்மா. கூடுதல் அடி யாருக்கு என்று லயத்திலுள்ள நாய்க்குக்கூடத் தெரியும், அவளுடைய அப்பா அழகையா கங்காணியைத் தவிர. அவருக்கும் தெரிந்திருக்கும், தெரியாதமாதிரி இருந்துகொண்டார் என்று சொல்பவர்கள் உண்டு. மனிதர் அப்படிப்பட்டவர்தான்.

அழகையா, தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு வெட்டிவிடும் கவ்வாத்து வேலைக்குக் கங்காணி. அந்த வேலைக்கென்று ஒரு சாமி உண்டு, கவ்வாத்துச் சாமி. மலைச் சரிவில் ஒரு கல், அதன் காலடியில் ஒரு தேயிலைச் செடி. அந்தச் சாமிக்குப் பூசாரியும் அழகையாதான். மற்றத் தோட்டங்களில் கவ்வாத்து தொடங்கும்போது சேவலை அறுப்பார்கள். கல்லுமலையில் அறுப்பதில்லை, நேர்ந்து விடுவார்கள். விட்ட சேவல் சாமியின் சொத்து. அதைக் கட்டக் கூடாது, கூடையால் மூடக் கூடாது, அடுப்படியில் ஏறினாலும் 'சூ' என்று சொல்லக் கூடாது. அது சட்டியில் எச்சம் போட்டால் சட்டியைக் கழுவிவிட்டுக் கும்பிட வேண்டும். கல்லுக்குக் கீழே உள்ள செடியும் அப்படித்தான். எத்தனை தளிர் விட்டிருந்தாலும் எந்தப் பெண்ணும் அதில் கொழுந்து எடுக்க மாட்டாள்.

மாசி மாதக் காமன் கூத்துக்கு வழக்கம்போலப் பாம்பாட்டிக் கூட்டம் வந்து ஆற்றோரம் கூடாரம் போட்டது. ஆண்கள் பாம்பை ஆட்டுவார்கள், பெண்கள் தெலுங்கும் தமிழும் கலந்து குறி சொல்லிப் பச்சை குத்துவார்கள். செத்தால் நகை நட்டு எதுவும் கூட வராது, பச்சை மட்டும்தான் வரும் என்று தோட்டத்தில் ஒரு நம்பிக்கை. அதனால் கூட்டத்துக்குக் குறைவில்லை. சின்னராசா தன் கையில் ரெங்கம்மாவின் பேரைக் குத்திக்கொள்ளப் போனான். அவள் அவன் தலையில் ஒரு குட்டு வைத்து, "எங்கப்பாவுக்கு நோட்டீஸ் அடிச்சு ஒட்டுறியா? ஊரையே எழுப்புற ஆளு நீ, ஒரு சேவலைக் குத்திக்க. யாரு கேட்டாலும் சேவல்னு சொல்லலாம். எனக்கு மட்டும் வெளங்கும்," என்றாள். பாதிச் சேவல் குத்தியாகிவிட்டது, அப்போது பார்த்து மைக்கு இடித்துப் பிழிகிற தழை தீர்ந்துபோயிற்று. எதாவது பச்சை இலை ஒரு பிடி கொண்டுவா தாயி என்றாள் குத்துகிறவள். ரெங்கம்மா பேச்சு மும்முரத்தில் மேட்டுக்கு ஓடிப் போய், பார்க்காமலே ஒரு பிடி கிள்ளிக்கொண்டு வந்தாள். கொழுந்து எடுத்துப் பழகிய கை. தளிரைத் தொட்டால் தானாகக் கிள்ளிவிடும். எந்தச் செடியில் கிள்ளினோம் என்பது, குத்தி முடித்து மஞ்சள் தடவியபிறகு, தலை நிமிர்ந்து மேலே கல்லைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

ஆக, சின்னராசாவின் கையில் இருந்தது வெறும் சேவல் இல்லை. சாமிக்கு விட்ட சேவல். அது இருந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது.

இது இப்படி இருக்க, அழகையா மகளுக்குக் கல்யாணப் பேச்சை எடுத்தார். அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. சின்ன வயதில், பெரிய சண்டைக் காலத்தில், பட்டாளத்துக்காரருக்கு மரக்கறி மூட்டை சுமந்துபோய்ப் போட்டவர். அன்றைக்குப் பார்த்த பித்தளைப் பொத்தான்கள் அவர் கண்ணை விட்டுப் போகவே இல்லை. சின்னராசாவின் மாமன் முறைக்காரர் ஒருவர் பெண் கேட்டுப் போனபோது, "தப்படிக்கிறவனுக்குக் குடுக்க எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லீங்க. ஆனா சட்டையில பித்தளைப் பொத்தான் வேணும். தை மாசம் வரைக்கும் பாப்பேன். இல்லாட்டி தெமோதரையில எந் தங்கச்சி மகன் இராசையா இருக்கான், லொறி ஓட்டுறான்," என்று சொல்லி வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். தலைகீழாக நின்றாலும் அவரை அதற்குமேல் அசைக்க முடியாது. ரெங்கம்மா இரண்டு நாள் சோறு தின்னவில்லை. மூன்றாம் நாள் தின்றுவிட்டு, சின்னராசாவைக் கூப்பிட்டு, பட்டாளத்துக்குப் போ என்று சொல்லிவிட்டாள்.

அந்தக் காலத்தில் தோட்டத்து ஆட்களில் பாதிப் பேருக்கு எந்த நாட்டுப் பேப்பரும் கையில் இல்லை. சின்னராசாவின் அப்பா எப்படியோ அலைந்து திரிந்து பிரஜாவுரிமை எடுத்து வைத்திருந்ததால் பையன் மனுப் போட முடிந்தது. பதுளைக்கு வெளியே புல்வெளியில் ஊவாத் தொண்டர் படை என்று ஒன்று இருந்தது. அதன் வாத்தியக் குழுவில் பெரிய மேளம் அடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். சட்டையைக் கழற்றச் சொல்லிச் சோதித்தார்கள். சார்ஜன்ட் தம்பையா என்ற மட்டக்களப்புக்காரர் பச்சை பற்றிய விதியைப் படித்துச் சொன்னார்: கழுத்துப்பட்டிக்கு மேலே கூடாது, முழங்கை மடிப்புக்குக் கீழே கூடாது, உள்ளங்கை புறங்கை விரல் எதிலும் கூடாது. மற்ற இடத்தில் இருக்கலாம், பட்டாளம் கவலைப்படாது. அன்றைக்குப் பார்த்துச் சேவல் நல்ல பிள்ளையாக இடது தோளில் நின்றது. தம்பையா அதை அளந்து பார்த்து, "வடிவான சேவல், மனே," என்று சொல்லி அவனைச் சேர்த்துக்கொண்டார். பித்தளைப் பொத்தான் வைத்த சட்டை ஆறு மாதப் பயிற்சி முடித்தபிறகுதான் கிடைக்கும். ஆறு மாதம் என்றால் சரியாகத் தை மாதம்.

முதல் வாரம் ஒழுங்காக இருந்த சேவல் இரண்டாம் வாரம் மணிக்கட்டில் நின்றது. தம்பையா கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். மறுநாள் காதுக்குக் கீழே. அதற்கு மறுநாள் புறங்கையில், சல்யூட் அடிக்கும்போது மேலதிகாரியின் மூக்குக்கு நேரே. "உன்ர சேவலுக்குச் சட்டம் தெரியாதோ, மனே?" என்று கேட்டார் தம்பையா. தெரியாதுங்க சார் என்றான் சின்னராசா, உண்மையைத்தான் சொன்னான். மைதானத்தை ஐந்து சுற்று ஓடவிட்டார்கள். அவன் ஓட ஓடச் சேவலும் முழங்கை வழியாக மேலே ஓடி, சுற்று முடியும்போது நெஞ்சில் போய் நின்று இளைப்பாறியது. தண்டனை பலிக்கிறது என்று நினைத்துத் தம்பையா சந்தோஷப்பட்டார். மூச்சு வாங்கி முடிந்ததும் அது திரும்பக் கழுத்துக்கு ஏறிற்று. மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தாலும், வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரு சேவலை அடக்கத் தெரியாத சார்ஜன்ட் என்று பெயர் எடுக்க யாருக்குப் பிடிக்கும்?

படைக்கு உடுப்புத் தைத்தவர் பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த மொஹிதீன் நானா. அவரிடம் போய்ச் சின்னராசா கழுத்துப்பட்டியை ஒரு விரல் உயர்த்தித் தைக்கச் சொன்னான். தைத்தார். சேவல் தாடைக்கு ஏறிற்று. இன்னும் ஒரு விரல் உயர்த்தினார். அது கன்னத்துக்குப் போய், மீசை ஓரத்தில் எதையோ கிளறிக்கொண்டு நின்றது. "தம்பி, இதுக்கு மேல ஒசத்தினா நீங்க கண்ணு தெரியாமத்தான் நடக்கணும்," என்று நானா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். மார்கழி பிறந்தது. தை முதல் வாரத்தில் கொழும்பிலிருந்து படையின் பெரிய தளபதி அணிவகுப்பைப் பார்வையிட வருகிறார் என்று அறிவித்தார்கள். தம்பையா சின்னராசாவைத் தனியாகக் கூப்பிட்டார். அன்றைக்குச் சேவல் விதி சொன்ன இடத்தில் நின்றால் பொத்தான் சட்டை. வேறு எங்கேயாவது நின்றால் அடுத்த பஸ்ஸில் கல்லுமலை. அவர் கல் நெஞ்சுக்காரர் இல்லை. ஆனால் விதி விதிதானே.

செய்தி தோட்டத்துக்கு வந்தபோது ரெங்கம்மாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தெமோதரை இராசையா கெட்டவன் ஒன்றும் இல்லை, பாவம், நல்ல பையன். லொறியில் வாழைக்குலை வேறு கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தான். ஆனால் அவளுக்கு விடியற்காலையில் அந்த ஒரு அடி கேட்க வேண்டும். சின்னராசா போனபிறகு தப்படிக்க வந்தவன் கடைசிக் காம்பராவையும் முதல் காம்பராவையும் ஒரே மாதிரி அடித்துவிட்டுப் போகிறான். அவளுக்கு எழும்பவே மனம் வருவதில்லை. ஆனது ஆகட்டும் என்று அன்று சாயங்காலம் அப்பாவின் முன்னால் போய் நின்று, சாமி செடியில் கிள்ளியதைச் சொல்லிவிட்டாள்.

அழகையா மென்றுகொண்டிருந்த வெற்றிலையைத் துப்பினார். மகளை அடிப்பாரோ என்று பக்கத்துக் காம்பராக்காரிகள் எட்டிப் பார்த்தார்கள். அவர் எழுந்து தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பதுளை இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். "இத்தனை நாளா சாமி சேவல் அந்தப் பய கையிலயா இருக்கு? நான் அவனை வாடா போடான்னு பேசியிருக்கேனே," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்பா இளகிவிட்டார் என்று ரெங்கம்மா வாயைத் திறந்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "கும்புடு சேவலுக்கு. மாப்பிள்ளைக்கு இல்ல. பொத்தான் வந்தா பாக்கலாம். அந்தச் சேவலைக் கட்டிப்போட மந்திரம் கிந்திரம் எதாச்சும் கேட்டே, எனக்குக் கெட்ட கோவம் வரும். விட்டதைக் கட்டக் கூடாது." சொல்லிவிட்டுக் கைலி மாற்றப் போனார்.

அவள் வாசலில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே, வழக்கப்படி அரிசி புடைத்த நொய்யை ஒரு கை அள்ளி முற்றத்தில் வீசினாள். அந்த வருஷத்து நேர்த்திச் சேவல், உயிரோடு இருக்கிற நிஜச் சேவல், மேல் லயத்துக் கூரையிலிருந்து இறங்கி வந்து நேரே அவள் காலடியில் கொத்தத் தொடங்கியது. பகல் முழுக்க எந்தக் காட்டில் திரிந்தாலும் இந்த நேரத்துக்கு அது இந்த இடத்துக்கு வரும். யாரும் அதைக் கட்டவில்லை. யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. ரெங்கம்மா மூக்கைச் சிந்திவிட்டு உள்ளே பார்த்து, "யப்பா, கட்டத்தானே கூடாது? தீனி போடக் கூடாதுன்னு யாரு சொன்னா?" என்றாள். அழகையா கைலியைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்து, சேவலையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். மறுநாள் அவரே கல்லடிக்குப் போய், சூடம் ஏற்றி, உத்தரவு கேட்டு, சாமி செடியில் ஒரு பிடி கொழுந்தைக் கிள்ளிக்கொண்டு வந்து மகள் கையில் கொடுத்தார்.

பாம்பாட்டிக் கூட்டம் அப்போது பசறைப் பக்கம் இருந்தது. ரெங்கம்மா அங்கே போய்ப் பச்சை குத்துகிறவளிடம் ஊசி கேட்டாள். அவள் தரவும் தந்தாள், தன் தொடையையே காட்டி, அதில் போட்டுப் பழகிக்கொள்ளச் சொல்லிக் குத்துகிற முறையும் காட்டினாள். அணிவகுப்புக்கு முந்தின நாள் ஞாயிறு. சின்னராசாவுக்கு மத்தியானம் வெளியே போக அனுமதி. மொஹிதீன் நானா கடையின் பின்பக்கத்தில் சந்தித்தார்கள். அழகையாவும் காவலுக்கு வந்து, சின்னராசாவின் கன்னத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்துகொண்டார். சேவலின் வால் அன்று கன்னத்தில்தான் இருந்தது. விதியில் சொன்ன இடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது இப்போது முக்கியமாகிவிட்டது. "எங்க மார்க்கத்துல பச்சை குத்துறது ஆகாது, புள்ள. ஊசியை நான் தொட மாட்டேன். ஆனா அளவெடுக்கிறதுல ஒரு குத்தமும் இல்ல," என்றார் நானா. நாடாவைப் போட்டு, தோள்மூட்டுக்கும் முழங்கைக்கும் நட்ட நடுவில் சாக்குக்கட்டியால் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தார். கை தூக்கி மேளம் அடிக்கும்போது சட்டைக்கை எவ்வளவு ஏறும் என்பதையும் கணக்கில் எடுத்துப் போட்ட வட்டம் அது. அதற்குள் ரெங்கம்மா பொட்டுப் பொட்டாக அரிசி குத்தினாள். அவன் கையில் குத்துவது முதல்முறை என்பதால் சில அரிசி நெல் மாதிரியும் சில சோளம் மாதிரியும் வந்தன. சின்னராசா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, உன் கையால் என்றால் மூட்டையே குத்தினாலும் சரி என்று சொல்லி அசடு வழிந்தான். அழகையா திரும்பாமலே இருமினார்.

ஆனால் சேவல் இறங்கவில்லை. கன்னத்திலிருந்து கழுத்துக்கு வந்து, அங்கேயே அன்றைய பொழுதைக் கழித்தது. கடைசி பஸ்ஸுக்கு நேரமானபோது ரெங்கம்மா ஊசியைத் துணியில் சுற்றி மடியில் செருகிக்கொண்டு கிளம்பினாள். எள்ளு மாதிரி இத்தனூண்டு அரிசிக்குச் சாமி சேவல் மயங்குமா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை முகாமின் முள்வேலிக்கு வெளியே பெருங்கூட்டம். கடலைக்காரன்கூட வந்திருந்தான். அழகையா கறுப்புக் கோட்டு மாட்டி வந்து, உள்ளே மின்னுகிற பொத்தான்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ரெங்கம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாத்தியக் குழு வரிசையில் கடைசியாகச் சின்னராசா, வயிற்றில் பெரிய மேளம். சேவல் கழுத்தில் நிற்பது வேலிக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. தளபதி வரிசையின் தொடக்கத்தில் இறங்கி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். பின்னால் வந்த தம்பையாவின் முகம் வெளிறியிருந்தது. குழல் வாசிப்பவர்களைத் தாண்டினார்கள். சின்ன மேளக்காரர்களைத் தாண்டினார்கள். அப்போதுதான் சேவல் தலையைச் சாய்த்து ஒரு பக்கமாகக் கீழே பார்த்தது. முற்றத்தில் நொய் விழுந்த சத்தம் கேட்டால் நிஜச் சேவல் எப்படிப் பார்க்குமோ அப்படியே பார்த்தது. பிறகு அவசரமே இல்லாமல் கழுத்துப்பட்டிக்குள் இறங்கியது. தளபதி நான்கு அடி தூரத்தில் இருந்தபோது வால் இறகு இன்னும் வெளியே தெரிந்தது. இரண்டு அடி தூரத்தில் அதுவும் உள்ளே போய்விட்டது. தம்பையா வாழ்க்கையில் அதுவரை கும்பிடாத சாமிகளையெல்லாம் சேர்த்துக் கும்பிட்டதாகப் பிறகு சொன்னார்.

கதை இதோடு முடிந்திருக்கும். ஆனால் சேவல் வட்டத்துக்குள் போய்க் கொத்தத் தொடங்கியது, சின்னராசாவுக்கோ சின்ன வயதிலிருந்தே கூச்சம் அதிகம். தளபதி முன்னால் நின்று ஏற இறங்கப் பார்க்கிறார். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, சிரிப்பை விழுங்கிக்கொண்டு நிற்கிறான். அடிக்க உத்தரவு வந்தது. குழு தொடங்கியது. சேவல் ஒரு பெரிய அரிசியைக் கொத்திய வேகத்தில் சின்னராசாவின் கை துள்ளி, மேளத்தில் ஒரு அடி கூடுதலாக விழுந்துவிட்டது. அது எந்தப் பட்டாளத்துப் பாட்டிலும் இல்லாத அடி. வேலிக்கு வெளியே நின்ற ரெங்கம்மாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கம்பியிலிருந்து கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் அந்த அடி தெரிந்திருந்தது. வருஷக்கணக்காகப் படுத்துக்கொண்டே கேட்டவர்தானே.

தளபதி கையை உயர்த்தி வாத்தியத்தை நிறுத்தினார். சின்னராசாவின் சட்டைக்கையைப் பிரம்பின் நுனியால் மெல்லத் தூக்கிப் பார்த்தார். சேவல் அவரைச் சட்டை செய்யாமல் தின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு பொட்டு தோலிலிருந்து மறைந்தது. தம்பையா இனி ஒளிப்பதில் பயனில்லை என்று, பச்சை பற்றிய விதியையும் ஆறு மாதக் கதையையும் நின்ற இடத்திலேயே ஒப்பித்தார். தளபதி வீட்டில் கோழி வளர்த்த மனிதர் போலிருக்கிறது. தின்கிற உயிரைத் தொந்தரவு பண்ணக் கூடாது என்று சட்டைக்கையை இறக்கிவிட்டார். விதி இடத்தைத்தான் சொல்கிறது, அசைவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றும் சொன்னார். பிறகு சின்னராசாவிடம், தீனி போடுவது யார் என்று கேட்டார். சின்னராசா வேலிப் பக்கம் கையைக் காட்டினான். அதற்கு அவர் சொன்னதுதான் அந்த வருஷத்திலிருந்து படையின் விதியில் ஒரு வரியாகச் சேர்ந்தது: நடமாடும் பச்சை, அணிவகுப்பு வேளையில் அனுமதிக்கப்பட்ட இடத்தில் நின்றால் போதும், தீனி தீர்ந்தால் சிப்பாய்க்கு ஊருக்குப் போய்வர லீவு கொடுக்க வேண்டும். அதைச் சுகவீன லீவில் சேர்ப்பதா திருவிழா லீவில் சேர்ப்பதா என்று எழுத்தர்கள் குழம்பியதில், தம்பையாவே சேவல் லீவு என்று தனியாக ஒரு பெயர் வைத்துவிட்டார்.

தை மாதத்துக் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வேட்டி கட்ட அழகையா சம்மதிக்கவில்லை, பொத்தான் சட்டையோடுதான் மணவறையில் உட்கார வைத்தார். சட்டையை மொஹிதீன் நானா தைத்திருந்தார், கழுத்துப்பட்டி சரியான உயரத்தில். தெமோதரை இராசையா தன் லொறியில் பந்தல் கம்பு ஏற்றிவந்து இறக்கி, விருந்தில் இரண்டு தரம் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தான். தாலி கட்டும் நேரத்தில் சேவல் சின்னராசாவின் புறங்கைக்கு வந்து நின்று பார்த்தது. அன்று அவன் லீவில் இருந்ததால் அது குற்றமில்லை.

அதன்பிறகு பதின்மூன்று வருஷம் இப்படித்தான் ஓடியது. ரெங்கம்மா அரிசி குத்தி அனுப்புவாள். தீரும்வரை சேவல் மேற்கையில் நிற்கும். தீர்ந்ததும் மணிக்கட்டுக்கு இறங்கி வந்து நின்றுகொண்டு, தம்பையாவை ஒரு பார்வை பார்க்கும். அவர் லீவு கொடுப்பார். சின்னராசா பதுளையில் பஸ் ஏறிச் சாயங்காலத்துக்குள் லயத்துக்கு வந்துவிடுவான். மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். எழுபத்து நாலாம் வருஷத்துப் பஞ்சத்தில் தோட்டமே மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்றது. அப்போதும் அவள் குத்துவதை நிறுத்தவில்லை. "நமக்கு வேர், ஒங்க சேவலுக்கு மட்டும் சம்பா அரிசி," என்று சொல்லிக்கொண்டே ஊசியைப் போடுவாள். தோட்டத்தை அரசாங்கம் எடுத்தது, துரை மாறினார், அழகையா வேலையிலிருந்து ஓய்ந்தார். மருமகன் வாசலுக்கு வந்ததும் முதலில் கையைப் பார்த்துக் கும்பிட்டு, அதற்குப் பிறகு முகத்தைப் பார்த்து வாங்க என்று சொல்வதை மட்டும் அவர் விடவில்லை.

ஒரு விஷயம் மட்டும் படையில் பேச்சாக இருந்தது. தொடக்கத்தில் ஒரு தடவை குத்திய அரிசி ஒரு மாதம் வந்தது. கொஞ்ச வருஷத்தில் மூன்று வாரம். பிறகு இரண்டு. கடைசிக் காலத்தில், வெள்ளிக்கிழமை ஆனால் சேவல் மணிக்கட்டில் வந்து நின்றுவிடும். படை வைத்தியர் கண்ணாடி வைத்துப் பார்த்து, வளர்கிற சேவல், பசி கூடத்தான் செய்யும் என்று முடிவு சொன்னார். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

எண்பத்தோராம் வருஷம் சின்னராசா படையிலிருந்து விலகி வீட்டுக்கு வந்தான். அதற்குக் கொஞ்சம் முன்புதான் ஓய்வு பெற்றிருந்த தம்பையா, ஒரு கூடை மாம்பழத்தோடு கல்லுமலைக்கு விருந்துக்கு வந்தார். சாப்பிட்டுக் கை கழுவும்போது ரெங்கம்மாவைப் பார்த்து, "பிள்ளை, இவ்வளவு காலமும் என்ர மனசுக்குள்ள ஒரு கேள்வி. அந்தச் சேவல் கிழமைக்குக் கிழமை கூடத் தின்னத் தொடங்கினது எப்பிடி?" என்று கேட்டார். ரெங்கம்மா சட்டியை வழித்துக்கொண்டே, "அது எப்பவும் தின்னுற அளவுதாங்க தின்னுச்சு. நான்தான் கொறைச்சு கொறைச்சுக் குத்தினேன்," என்றாள். சின்னராசா வெற்றிலை மடிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். பதின்மூன்று வருஷமாக அவன் சேவலின் வயிற்றைத்தான் சந்தேகித்து வந்திருக்கிறான். தம்பையா மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, எனக்கும் அப்படித்தான் தோன்றியது, நான் கேட்டால் லீவை நிறுத்த வேண்டிவரும் என்றுதான் கேட்கவில்லை என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். ரெங்கம்மாவுக்கு மட்டும் சிரிப்போடு கொஞ்சம் அழுகையும் வந்தது; அடுப்புப் புகையின் மேல் பழியைப் போட்டுவிட்டாள்.

விருந்தாளியை பஸ் ஏற்றிவிட்டு வந்தபின், அவள் ஊசியைத் தேய்த்துக் கழுவி, இருந்த மையெல்லாம் தீரும்வரை புருஷனின் கை முழுக்க அரிசி குத்தினாள். குறைக்க வேண்டிய தேவை இனி இல்லை. கணக்கும் பார்க்கவில்லை, முழங்கை மடிப்பையும் பார்க்கவில்லை. சேவல் நின்று நிதானமாக வயிறு நிறையத் தின்றது. அன்றிரவு சின்னராசா, மூன்று பிள்ளைகளுக்கும் அந்தப் பக்கம் படுத்திருந்த அவள் தூங்கிவிட்டாளா என்று பார்த்து, கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனான்.

காலையில் பெரட்டுத் தப்புக் கேட்டு ரெங்கம்மா எழுந்தபோது சேவல் அவளுடைய முன்கையில் இருந்தது. புருஷனின் கையைப் புரட்டிப் பார்த்தாள். அங்கே மிச்ச அரிசி மட்டும் கிடந்தது. விளக்கருகே போய் ஒருதரம் பார்த்துக்கொண்டாள். கொழுந்து எடுப்பவர்களுக்குப் பச்சை எங்கே இருக்கலாம், எங்கே இருக்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. நேரமாகிவிட்டதால் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள்.